ஒன்றாம் வகுப்புக்கு எந்த சிலேட்டு? கல் சிலேட்டும் எல்சிடி சிலேட்டும் ஒரு வருடம் புழங்கிய பிறகு

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை என் அறையில், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியர் அறையில். வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான் கழிந்திருக்கிறது.

2024 ஜூனில் பள்ளி திறந்த வாரம், இங்கே படித்துவிட்டு இப்போது திருப்பூரில் பனியன் தைக்கும் தம்பி ஒருவர் குச்சியால் எழுதிப் பொத்தானை அமுக்கி அழிக்கிற பன்னிரண்டு எல்சிடி சிலேட்டுகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "பல்பத் தூசி இல்லீங் டீச்சர். கீழ விழுந்தாலும் உடையாதுங்" என்றார். மனசாரக் கொடுத்த பொருள். அதே மாதம் ஈரோட்டிலிருந்து நான் வாங்கிவந்திருந்த பன்னிரண்டு கல் சிலேட்டும் அலமாரியில் இருந்தது. சரி, ஒரே பிள்ளைகளிடம் இரண்டையும் கொடுத்துப் பார்ப்போம் என்று அந்த வருடம் முழுக்கக் கொடுத்தேன். ஒன்றாம் வகுப்பில் பதினொரு பேர். எங்கள் ஆசிரியர் குழுவிலும் பெற்றோர் சிலரும் எது வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

தகர சிலேட்டையும் அட்டை சிலேட்டையும் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். தகரம் ஒரு பருவம்கூடத் தாங்காது. கருப்புப் பூச்சு உரிந்து கீழே வெள்ளை தெரியும், அதன் மேல் எழுதுவது கண்ணுக்குப் பிடிபடாது. ஓரம் பிரிந்தால் விரலைக் கிழிக்கும். அட்டை மழைக்காலம் வந்ததும் ஊதிப்போகும்.

கல் சிலேட்டு நான் வாங்குவது ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் ஒரு நோட்டுக்கடையில். நான் வேலைக்குச் சேர்ந்தபோது காங்கேயம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, எனக்குக் கடை மட்டும் மாறவில்லை. கல் ஆந்திரத்து மார்க்காபுரத்திலிருந்து வருகிறது என்று கடைக்காரர் முதல் தடவையே சொன்னார். சிலேட்டுக் கல்லுக்குப் பேர்போன ஊர் அது. ஒன்று 55 ரூபாய் போட்டுக் கொடுத்தார். சிலேட்டை ஒரு மூலையில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் நல்ல கல். பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் ஓடியிருக்கிறது, ஜூலைக்குள் இரண்டாகும். மரச்சட்டத்தின் நான்கு மூலையும் ஆடக்கூடாது. சட்டத்தில் ஓட்டை இருக்கவேண்டும், ஏனென்றால் அதில்தான் துணி கட்டவேண்டும்.

துணி என்றால் பனியன் வேஸ்ட்டுத் துணி. எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நூலில் கோத்து, ஒவ்வொரு சிலேட்டிலும் தொங்கவிடுவேன். இல்லையென்றால் எச்சில்தான். எத்தனை தடவை சொன்னாலும் விரல் தானாக வாய்க்குப் போகும். துணியை நனைக்க ஆளுக்கொரு மூடித் தண்ணீர். காலைச் சாப்பாட்டுக்கு எட்டரைக்கே வந்துவிடுகிறார்கள், கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுக் கைகழுவும்போதே துணியையும் நனைத்துக்கொண்டு வரப் பழக்கிவிட்டேன்.

எல்சிடி சிலேட்டை முதல் நாள் கொடுத்தபோது அறையே மகிழ்ச்சியில் கூத்தாடியது. கருப்புத் திரையில் ஏழெட்டு நிறத்தில் கோடு வருகிறது. பொத்தானை அமுக்கினால் ஒரு மின்னல், எல்லாம் போய்விடுகிறது. முதல் இரண்டு நாள் எழுதியதைவிட அமுக்கியதுதான் அதிகம். இந்தத் திரைக்குள் இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் திரவப்படிகம் என்கிற ஒரு படலம் இருக்கிறது. குச்சி அழுத்துகிற இடத்தில் அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அதுதான் கோடு. எழுதுவதற்கு மின்சாரமே வேண்டாம். அழிக்கும் அந்த நொடிக்கு மட்டும் பேட்டரி வேண்டும். அதனால் பேட்டரி சீக்கிரம் தீராது, ஆனால் தீர்ந்த அன்று அழிக்கவே முடியாது.

ட, ப, ம என்ற மூன்றில்தான் நான் எழுத்தைத் தொடங்குவேன். நேர்க்கோடும் திருப்பமும் மட்டும் உள்ளவை. கல்லில் பல்பம் ஓடும்போது ஒரு சொரசொரப்பு கையைப் பிடித்து நிறுத்தும். புதுக்கைக்கு அந்தப் பிடிப்பு வேண்டும். எல்சிடியில் பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக், வழுக்கிக்கொண்டு ஓடும். ப போடச் சொன்னால் கோடு அடியில் நிற்காமல் சட்டம் வரை போய்விடுகிறது. இதைப் பழக்கத்தில் சரிசெய்துவிடலாம், செய்தும்விட்டார்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் ஆகஸ்டில்தான் தெரிந்தது, கொம்பெழுத்துக்கு வந்தபோது.

கொ என்று சொன்னால் பிள்ளையின் காதில் முதலில் விழுவது க். அதனால் முதலில் க எழுதுகிறது. பிறகுதான் ஒற்றைக்கொம்பு முன்னால் வரவேண்டும் என்று நினைவு வருகிறது. கல் சிலேட்டில் க-வைத் துடைத்துவிட்டுத் தள்ளி எழுதும். ஆனால் துடைத்த க முழுசாகப் போகாது. சாம்பல் நிறத்தில் ஒரு தடம் கிடக்கும். நான் அடுத்த வரிசையிலிருந்து வந்து பார்க்கும்போது, மேலே சரியான கொ, அடியில் அழிந்த க. இந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது, எதைத் தானாகத் திருத்தியது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இன்னொன்றில் துணைக்காலை மட்டும் இரண்டு தடவை துடைத்த தடம் இருக்கும். அதற்குக் கொம்பு பிடிபட்டுவிட்டது, கால்தான் சந்தேகம். இரண்டு பிள்ளைக்கும் சொல்லவேண்டியது வேறு வேறு.

எல்சிடியில் அது நடக்காது. ண-வுக்கு ஒரு சுழி கூடிவிட்டால் அந்தச் சுழியை மட்டும் அழிக்க வழியில்லை. பொத்தானை அமுக்கினால் சரியாக எழுதிய ஐந்து எழுத்தும் சேர்ந்து போகும். "டீச்சர், ஒன்னுதானுங் தப்பு, எல்லாமே போயிருச்சுங்" என்று ஓர் அம்மிணி அழுதே விட்டாள். அழாத பிள்ளைகள் இன்னும் சிக்கல். நான் பக்கத்தில் வரும் நிழல் தெரிந்தாலே சந்தேகமான எழுத்தோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் திரையை நீட்டுவார்கள். "எங்க கண்ணு, எழுதுனதக் காட்டு" என்றால், "எழுதீட்டனுங், அழிச்சுட்டனுங்." அதற்கு மேல் நான் என்ன கேட்பது? ஒருசில பகுதியை மட்டும் அழிக்கும் வசதியோடு விலை கூடிய எல்சிடியும் இருக்கிறது. எங்களுக்கு வந்தது அது இல்லை. நூறு, இருநூறு ரூபாய்க்குப் பெரும்பாலும் கிடைப்பதும் இந்த வகைதான்.

2007-08இல் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் முறை, மாநிலம் முழுக்க வந்தபோது சுவரின் அடியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை கட்டினார்கள், ஆளுக்கொரு பங்கு. எங்கள் அறையில் அது இன்னும் இருக்கிறது, பூச்சு மட்டும் போய்விட்டது. அதில்தான் அழிந்த தடத்தைப் படிக்க நான் கற்றுக்கொண்டேன். இப்போதைய 'எண்ணும் எழுத்தும்' என்கிற அரசுத் திட்டத்தின் பயிற்சிநூலில் பென்சிலால் எழுதவேண்டும். இரண்டு தடவை ரப்பர் போட்டால் தாள் நைந்துவிடுகிறது. அதனால் புத்தகத்துக்குப் போகும் முன் சிலேட்டில் நாலு நாள் தடுமாறட்டும் என்று விட்டுவிடுவேன்.

கல் சிலேட்டு வீட்டுக்கும் போகும். செப்டம்பரில் ஒரு பையன் 'மலை' என்று எழுதிக்கொண்டு வந்தான். அந்த லை-யில் யானைத் துதிக்கை மாதிரி மேலே ஒரு வளைவு. "எங்க ஆத்தா இப்படித்தானுங் போட்டுக் குடுத்துச்சு" என்றான். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் பள்ளிக்கூடம் போன ஆத்தா. தோட்டத்து வேலைக்கு நடுவில் பேரனோடு உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அதை அழிக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டினேன். இந்தக் காலத்து லை-யைப் பக்கத்தில் எழுதிவைத்துத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் ஆத்தா புது லை-யை வரிசையாக ஆறு தடவை எழுதி அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிலேட்டுக்குக் கரி பூசும் நாள். பள்ளிக்குப் பின்னால் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, வேலி மேல் கோவைக்கொடி படர்ந்து கிடக்கும். பிள்ளைகள் இலையைப் பறித்து, அடுப்புக்கரியோடு கசக்கித் தேய்த்து வெயிலில் சாய்த்துவைப்பார்கள். காய்ந்து துடைத்தால் கல் மழைமேகம் மாதிரி கருத்து நிற்கும். உள்ளங்கையும் சட்டையும் பச்சையும் கருப்புமாகிவிடும், தாய்மார் இரண்டு பேர் சத்தம்கூடப் போட்டார்கள். ஆனால் தானே பூசிய சிலேட்டை ஒரு பிள்ளையும் கீழே போட்டு உடைக்கவில்லை. பன்னிரண்டில் வருடக் கடைசிக்கு ஒன்பது நின்றது. உடைந்த மூன்றும் பூசத் தொடங்குவதற்கு முந்திய ஜூலையிலேயே உடைந்தவை.

கல் சிலேட்டின் குறை பல்பத்தில் இருக்கிறது. தூசி உண்மை. அடிக்கடி தும்மும் ஒரு பிள்ளையைச் சன்னல் பக்கம் உட்காரவைத்தேன். இன்னொரு பெண்பிள்ளை பல்பத்தைத் தின்றாள், ஒரு நாளைக்கு முழுசாக ஒன்று. இதை ஆசிரியர்கள் திட்டிவிட்டு விடக்கூடாது. மண்ணும் பல்பமும் தின்னத் தோன்றுவது பல பிள்ளைகளுக்கு இரத்தசோகையின் அடையாளம். அவள் அம்மாவை வரச்சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்க்கச் சொன்னேன். இரத்தம் குறைவாகத்தான் இருந்தது. மருந்து கொடுத்து, முருங்கைக்கீரையும் சேர்த்துக் கொடுத்த பிறகு பொங்கலுக்குள் பல்பம் தின்பது நின்றுவிட்டது.

எல்சிடியின் ஆபத்து இதைவிடப் பெரியது, பெட்டியில் பொடி எழுத்தில்தான் போட்டிருக்கிறது. உள்ளே இருப்பது காசு போன்ற பட்டன் பேட்டரி. நவம்பரில் ஒரு சிலேட்டின் பின்மூடியில் திருகாணி இல்லை, பேட்டரி வெளியே எட்டிப் பார்த்தது. பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்தை அரித்துவிடும். அன்றே பன்னிரண்டையும் வாங்கி, மூடிகளைச் சுற்றி அகலமான ஒட்டுநாடா ஒட்டினேன். திருகாணி இல்லாததைத் திருப்பித் தரவேயில்லை. நான்கு வயது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் தயவுசெய்து முதலில் பின்மூடியைப் பாருங்கள். திருகாணி இல்லாமல் விரலால் தள்ளித் திறக்கும் மாதிரி என்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு எல்சிடியை ஏன் தூக்கிப்போடவில்லை என்றும் சொல்லவேண்டும்.

தேங்காய் உலர்களத்து வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. பையனுக்கு ஏழு வயது, அதுவரை பள்ளிக்கூடமே பார்த்ததில்லை. பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடுவான், சிரிப்பான், தமிழும் ஒவ்வொரு வார்த்தையாக வாயில் வந்தது. பல்பத்தை மட்டும் தொடமாட்டான். சிலேட்டைக் கொடுத்தால் மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொள்வான். இரண்டு மாதம் ஒரு கோடுகூட இல்லை. எல்சிடியை அவன் கையில் எடுத்த நாள் மூலையில் போய்த் திரும்பி உட்கார்ந்து எழுதினான், அழித்தான், எழுதினான், அழித்தான். நான் பார்க்கப் போகவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ அவனே கொண்டுவந்து நீட்டினான். திரை நிறைய ட. எல்லாம் ஒழுங்கான ட.

எனக்கு உதவுகிற அதே அழிந்த தடம்தான் அவனைப் பயமுறுத்தியிருக்கிறது. தப்பு கல்லில் தங்கிவிடும், எல்லோரும் பார்ப்பார்கள் என்ற பயம். ஒன்றுமே தங்காத பலகை அவனுக்குத் தேவைப்பட்டது. தீபாவளி வரை அவன் எல்சிடியிலேயே எழுதினான். பிறகு கரி பூசும் வெள்ளிக்கிழமை ஒன்றில் தானாகவே ஒரு கல் சிலேட்டை எடுத்துப் பூசி, சட்டத்தில் நீலத் துணி கட்டி வைத்துக்கொண்டான். ஜனவரியில் அவன் சிலேட்டில் கொ-வுக்கு அடியில் அழிந்த க தெரிந்தது.

எண் சொல்லி எழுதச் சொல்லவும் எல்சிடிதான் வசதி. இருபத்தைந்து என்றால் இரண்டாம் வகுப்பில்கூட நான்கைந்து பேர் 205 என்று எழுதுவார்கள். இருபதைச் சொன்னபடி எழுதி, பின்னால் ஐந்தையும் சேர்த்துவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரையைத் தூக்கிக் காட்டினால் யார் அந்த 205 என்று வகுப்பு முன்னால் நின்றே பார்த்துவிடலாம். எடை இல்லை, தண்ணீர் வேண்டாம், அடுத்த எண்ணுக்கு ஒரு நொடியில் தயார். பத்து நிமிடத்தில் பதினைந்து எண் போடலாம். கல்லில் ஆறு போடுவதற்குள் மணி அடித்துவிடும்.

அதனால் நான் இப்போது வைத்திருக்கும் முறை இதுதான். காலையில் தமிழ் எழுத்துக்குக் கல், மத்தியானம் கணக்குக்கு எல்சிடி, எழுதப் பயப்படும் பிள்ளைக்கு எப்போது வேண்டுமோ அப்போது எல்சிடி. வீட்டுக்கு ஒன்றுதான் வாங்க முடியும், பிள்ளை இப்போதுதான் எழுதத் தொடங்குகிறது என்று கேட்கும் பெற்றோருக்கு நான் கல் சிலேட்டைத்தான் சொல்வேன். பக்கத்தில் உட்காருங்கள், துடைத்ததை உடனே பளிச்சென்று துடைத்துவிடாதீர்கள், அந்தத் தடத்தைப் பாருங்கள். எழுதப் பழகிவிட்ட பிள்ளைக்குக் கணக்குப் போடவும் படம் வரையவும் எல்சிடி வாங்கிக் கொடுங்கள், பின்மூடியைப் பார்த்துவிட்டு.

எல்சிடியில் ஏழு நன்றாக ஓடுகிறது. இரண்டில் அழியவில்லை, பேட்டரி மாற்றவேண்டும். இரண்டில் யாரோ ஆணியால் எழுதி, பொத்தானை அமுக்கினாலும் போகாத கோடு விழுந்துவிட்டது. ஒன்று என் அலமாரியில் பூட்டிக்கிடக்கிறது. ஈரோட்டுக் கடையில் வரும் ஜூனுக்கு எட்டுக் கல் சிலேட்டு சொல்லிவைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று கடைக்காரருக்குத் தெரியும். போன முறை மூடைக் கட்டை அவிழ்க்காமலே என் முன்னால் தள்ளி, "நீங்களே பாருங்க டீச்சர்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.