நுவரெலியாவில் “லேக் வியூ பங்களா” என்று அட்வான்ஸ் கேட்கிறார்களா? பணம் போட முதல் இதை வாசியுங்கள்

சித்திரை வருசம் முடிந்த கையோடு நுவரெலியா போவது மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கத்துச் சனங்களுக்குப் புதிதில்லை. இங்கே வெயில் கொளுத்துகிற நேரத்தில் அங்கே 16 பாகை அளவில்தான் குளிர் நிற்கும். செங்கலடியில் ஏ5 வீதியைப் பிடித்தால் மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை, ஹக்கலை என்று போய் டவுனுக்கு முந்தியே கிரகரி வாவிக் கரையில் கொண்டுபோய் விட்டுவிடும். போங்கள், கட்டாயம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் பேஸ்புக்கில் பங்களா பிடிக்கிற யோசனை இருந்தால் எங்களுக்கு நடந்ததை முதலில் கேளுங்கள்.

நாங்கள் 14 பேர். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் 70 தாண்டிவிட்டது, கைக்குழந்தையும் ஒன்று. ஏற்றம் இறக்கம் இல்லாமல் வயதானவர்கள் நடந்துபோய் வாவிக் கரையில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் கரையோர வீடாகத் தேடினோம், கூடக் காசு போனாலும் பரவாயில்லை என்று. ஒரு பேஸ்புக் பக்கத்தில் நல்ல படங்கள் இருந்தன: வெள்ளைச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடி யன்னல், அதற்கு வெளியே வாவி, படகுகள், நாலு அறை, குசினி. வாட்ஸ்அப்பில் பேசிய ஆள் தங்கமாகப் பேசினார், “அம்மா, குழந்தை எல்லாம் வாறாங்க எண்டா நாங்க சுடுதண்ணி ரெடியா வைப்போம் சார்” என்றார். ஒரு இரவுக்கு 60,000, இரண்டு இரவு, பாதிப் பணம் முதலில். “வேற பார்ட்டி ஒண்டு கேட்டுக்கொண்டிருக்கு, பின்னேரம் நாலு மணிக்குள்ள போட்டாத்தான் வைக்கலாம்” என்றும் சொன்னார். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில், வங்கிக் கிளையும் நுவரெலியாவில் இல்லை. கேட்டதற்கு அது அக்காவின் கணக்கு என்றார்.

வெலிமடையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினபோது எடுத்தோம், உடனே பேசினார், வாங்க வாங்க என்றார். வாவிக்கு வந்து எடுத்தால் போன் ஓஃப். பத்து நிமிசம் கூட ஆகவில்லை, ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து நேரே எங்கள் வானின் யன்னலில் தட்டி, “மட்டக்களப்புப் பார்ட்டிதானே?” என்கிறான். இதைக் கவனியுங்கள். போன் செத்துப்போன ஆளுக்கு நாங்கள் வந்து நிற்பது எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே கூட்டம். அந்த வீட்டில் பைப் உடைந்துவிட்டதாம், முதலாளி வேறு வீடு ஒழுங்கு பண்ணியிருக்கிறாராம், அதுவும் லேக் வியூதானாம்.

வாவியை விட்டு ஏறத் தொடங்கினோம். லீக்ஸ் பாத்தி, கரட் பாத்தி எல்லாம் தாண்டி, வானின் பக்கக் கண்ணாடியை மடக்கினால்தான் போகலாம் என்கிற பாதையில் கூட்டிக்கொண்டு போனான். அந்த வீட்டில் எந்த அறையில் நின்று பார்த்தாலும் வாவி தெரியவில்லை. தங்கச்சி குழந்தையைக் கிடத்த முதல் மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள், அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம், கையை வைத்தால் ஈரம். சுவரிலும் கட்டில் உயரத்துக்கு அதே ஈரம் ஏறியிருந்தது. கம்பளி ஏழுதான், மிச்சம் வேண்டுமென்றால் ஒன்றுக்கு 500. ஹீட்டர் இரவுக்கு 2,500, சமைத்தால் கேஸுக்குத் தனி. இதில் ஒன்றுகூட வாட்ஸ்அப்பில் பேசினபோது வரவில்லை. அம்மாவுக்கு முட்டு இருக்கிறது, உள்ளே போய்க் கொஞ்ச நேரத்திலேயே இழுக்கத் தொடங்கி, வாசலில் கதிரையைப் போட்டு இருத்தி பம்ப் அடிக்கவேண்டியதாகிப் போனது. அந்தக் குளிரில் அவ இருந்த இருப்பை நினைத்தால் எனக்கு இப்பவும் வயிறு எரிகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் பொடியன், “நான் வீடு காட்டுற ஆள் மட்டும்தான், அட்வான்ஸ் எனக்குத் தெரியாது அண்ணே” என்கிறான். பேச்சு முற்றினதும் இன்னும் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். பொம்பிளையள், பிள்ளைகளோடு அங்கே நின்று சண்டை பிடிக்கமுடியாது, இறங்கிவிட்டோம். எங்கள் டிரைவர்தான் தெரிந்த இடம் இரண்டு மூன்றுக்கு எடுத்து, ஹக்கலைப் பக்கம் ஒரு சின்ன விடுதியில் இரவு பத்து மணிக்கு மேல் இடம் பிடித்துத் தந்தார். ஆள் கொண்டுவரும் டிரைவருக்குக் கொமிசன் தருவதாக இந்தப் பொடியன்மார் சீசனில் ஒவ்வொரு வானாகக் கேட்டுத் திரிவார்களாம், அவரே சொன்னார்.

அடுத்த நாள் வாவிக்கரையில் நடந்துபோகும்போது மச்சான் அந்த வெள்ளைச் சட்ட யன்னலைக் கண்டுபிடித்துவிட்டார். அதே வீடு, பைப்பும் உடையவில்லை ஒன்றும் உடையவில்லை, வேறு ஒரு குடும்பம் தங்கியிருந்தது. அங்கே வேலை பார்க்கிற ஐயாவிடம் படத்தைக் காட்டினோம். “எங்கட வீட்டுப் படத்தக் காட்டி ஏமாத்தி அனுப்புறாங்க, ஆக்கள் வந்து எங்களோட சண்டை பிடிக்கிறாங்க” என்று அவர் கவலைப்பட்டார். அவர்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பொலிசில் முறைப்பாடு எழுதப் போனபோதுதான் அடுத்த கெட்டித்தனம் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் 24 மணித்தியாலத்தில் செய்தி தானாக அழிகிற செட்டிங்கை அவன் போட்டு வைத்திருக்கிறான். படங்கள், விலை, வாக்குறுதி ஒன்றும் மிச்சமில்லை. பணம் போட்ட ஸ்லிப்பும், தங்கச்சி தற்செயலாக எடுத்து வைத்த இரண்டு ஸ்கிரீன்சொட்டும்தான் கையில் இருந்தன. ஆகவே அப்படி ஒரு அறிவித்தல் உங்கள் சட்டில் வந்தால் அந்த ஆளோடு கொடுக்கல் வாங்கலே வேண்டாம், பேசுவதையெல்லாம் அன்றன்றைக்கே படமெடுத்து வையுங்கள்.

முக்கியமானது வீடியோ கோல். அட்வான்ஸ் கேட்கிற ஆளை அந்த வீட்டில் நின்று வீடியோ கோல் எடுக்கச் சொல்லுங்கள். யன்னலைத் திறந்து வாவியைக் காட்டவேண்டும், கேற்றுக்கு நடந்துபோய்ப் பெயர்ப்பலகையைக் காட்டவேண்டும், மெத்தையையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படவேண்டாம். நெட்வேர்க் இல்லை, இப்ப ஆள் இருக்கிறார்கள் என்று சாட்டுச் சொன்னால் விட்டுவிடுங்கள். படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் வேறு பெயரில் அதே வீடு வருகிறதா என்று தெரிந்துவிடும். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த இடம் என்றால் பதிவு இலக்கம் இருக்கும், கேளுங்கள், அவர்களுடைய இணையத்தளத்திலேயே பார்க்கலாம். கம்பளி, ஹீட்டர், கேஸ், டிரைவருக்குப் படுக்கை எல்லாம் விலையோடு எழுத்தில் வரவேண்டும்.

இன்னொன்று. 1873இல் கவர்னர் கிரகரி காலத்தில் கட்டிய அந்த வாவி அப்படியொன்றும் பெரிசில்லை. கரையில் இறங்கி நடக்கக்கூடிய வீடுகள் கொஞ்சம்தான், குதிரை ஓட்டமும் மலர்க் கண்காட்சியும் நடக்கிற ஏப்ரலில் அவை எப்பவோ போய்விடும். ஒரு கிழமைக்கு முதல் ஒருத்தர் கரையோர வீட்டை இலேசாகத் தருகிறார் என்றால் சந்தேகப்படுங்கள். வாவி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கிற இடமாகப் பிடியுங்கள், ஹக்கலை, சீதாஎலியப் பக்கம் எங்களுக்கு வருகிற வழிதானே. இருட்ட முதல் போய்ச் சேருங்கள், இருட்டினபிறகு பேரம் பேச வாய் வராது.

பணம் போட்டு ஏமாந்துவிட்டால் முதலில் உங்கள் வங்கிக்கு எடுத்துச் சொல்லுங்கள், பிறகு பொலிஸ். பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977, சுற்றுலா அதிகாரசபைக்கு 1912. எங்கள் 60,000 இன்னும் வரவில்லை, முறைப்பாடு நிற்கிறது. வெள்ளை யன்னல் படம், நாலு அறை, “அக்காட கணக்கு” என்று உங்களுக்கும் யாராவது அனுப்பியிருந்தால் அழிய முதல் ஸ்கிரீன்சொட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அதையும் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.