மெக்ரே வேடத்தில் இரண்டு சிரிப்பு நடிகர்கள்

பைப்பும் கையுமாகத் திரியும் பாரிஸ் போலீஸ் அதிகாரி மெக்ரே, எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனோன் தன் துப்பறியும் நாவல்களுக்காக உருவாக்கிய பாத்திரம். டிவியில் அந்த வேடத்தை ஏற்ற ழான் ரிஷார், ரோவன் அட்கின்சன் இருவருமே சிரிக்க வைத்துப் பெயர் வாங்கியவர்கள்.

ரிஷார் பிரெஞ்சு நகைச்சுவை நடிகர், சர்க்கஸும் மிருகக்காட்சிசாலையும் நடத்தியவர் (சிங்கத்தையே பார்த்தவருக்குக் கொலைகாரன் எம்மாத்திரம்!). 1967 முதல் 1990 வரை 88 கதைகளில் நடித்தார். நாவல்களில் வரும் கனத்த உருவத்துக்கு இவர்தான் பொருத்தம். ஆனால் கதைகளைப் படமெடுத்த காலத்துக்கே நகர்த்திவிட்டதால், பழைய பாரிஸைத் தேடுபவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அட்கின்சன் 2016, 2017-இல் பிரிட்டனின் ஐடிவி சேனலுக்கு நடித்தது நான்கே படங்கள். 1950-களின் பாரிஸை புடாபெஸ்ட்டில் எடுத்தார்கள், கண்ணுக்கு அருமை. ஆள்தான் ஒல்லி. மிஸ்டர் பீனாக முகத்தாலேயே எல்லாம் சொன்னவர், இங்கே அதே முகத்தைப் பூட்டி வைத்துக்கொள்கிறார். முதல் படத்தில், பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் பெண்களைக் கொல்பவனைத் தேடும்போது, அந்த அடக்கம் நன்றாகவே வேலை செய்கிறது. பேசாமல் உட்கார்ந்து எதிராளியைப் பேச வைப்பதுதானே மெக்ரேயின் பாணி? ஆனால் சில இடங்களில் அடக்கம் சோகமாக உறைந்துவிடுகிறது. ரிஷாரிடம் அந்த இறுக்கம் இல்லை. கடைத்தெருவில் பார்க்கும் மனிதர்போல இருப்பார்.

ஒரு மாலைக்கு ஒரு படம் போதுமென்றால் அட்கின்சன். மாதக்கணக்கில் பார்க்க ரிஷார், மெதுவாகப் போவதைப் பொறுத்துக்கொண்டால்.