கித்தா மக்களின் நாட்டில் ஒரு பல்கலைக்கழகம்

மெக்சிகோவின் கிழக்குக் கரையில் நீண்டு கிடக்கும் வெராகுரூஸ் மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகமான வெராகுரூசானா பல்கலைக்கழகத்தில் என் மகள் ஒரு பருவம் ஸ்பானிய மொழி படித்தாள். அந்தப் பருவத்தின் கடைசி மூன்று வாரங்கள் நானும் அவளுடன் தங்கியிருந்தேன். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிய நாள் முதல், கோப்பிக் கடையில் உட்காரும்போதெல்லாம், “அங்கே பிள்ளைகளை அனுப்பலாமா, சார்?” என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டு பாடம் நடத்திப் பழகியவனுக்கு ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சொல்வது புதிதன்று என்றாலும், இம்முறை எழுதிவிடுவதே நல்லதென்று தோன்றியது.

முதலில் போய்ச் சேரும் கதை. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன கோலாலம்பூர் முகவர் ஒருவர் எங்கள் விண்ணப்பத்தை இரண்டு மாதம் தம் மேசையிலேயே வைத்திருந்தார். பொறுமையிழந்த மகள் தானே பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். நான்கு நாளில் பதில் வந்தது. ஆகவே முகவர் தேவையில்லை. மெக்சிகோ நகரத்திலிருந்து தலைமை வளாகம் உள்ள ஹலாப்பாவுக்குப் பேருந்தில் ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். ஹலப்பேனோ மிளகாய்க்குப் பெயர் தந்த ஊர் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில், அதாவது நம் மலைநகரான தானா ராத்தாவை ஒட்டிய உயரத்தில் இருப்பதால், வெயிலை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நாள்கணக்கில் பெய்யும் மெல்லிய தூறலை அவ்வூரார் ‘சிப்பிசிப்பி’ என்கிறார்கள். சிப்புட்டில் பிறந்தவளுக்குச் சிப்பிசிப்பி ஊர் வாய்த்துவிட்டது என்று மகள் சிரித்தாள்.

1944இல் தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகத்தின் அமைப்பே என்னை முதலில் கவர்ந்தது. ஹலாப்பா, வெராகுரூஸ் துறைமுகம், ஒரிசாபா–கோர்தோபா, போசா ரிக்கா–துஸ்பான், கோவாட்சகோவால்கோஸ்–மினாத்தித்லான் என மாநிலத்தின் வடகோடி முதல் தென்கோடி வரை ஐந்து வட்டாரங்களில் அது பரவியிருக்கிறது. எண்ணெய் எடுக்கும் ஊர்ப் பிள்ளையும் கரும்பு விளையும் ஊர்ப் பிள்ளையும் தன் வட்டாரத்திலிருந்தே அதன் மாணவராக முடிகிறது. நம்மிடையே பல்கலைக்கழக இடம் கிடைத்தது என்று மகிழ்ந்த கையோடு பெட்டி கட்டுகிறோம். பெர்லிசோ சபாவோ, எங்கே தூக்கிப் போட்டாலும் போகத்தான் வேண்டும். போன பிள்ளை படித்து முடித்து எந்தப் பட்டணத்தில் வேலை பார்த்தாலும், பிறந்த தோட்டத்துக்குத் தீபாவளிக்கு மட்டுமே வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன்.

மகள் சேர்ந்தது அயல்நாட்டு மாணவர்களுக்கென்று 1957 முதல் நடந்துவரும் பள்ளி. மாணவர்களை உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்கவைக்கும் வழக்கம் அங்கே உண்டு. மொழி வகுப்பறையில் பாதியும் அடுப்படியில் பாதியுமாக வருகிறது. அவளை வைத்திருந்த அம்மையார், சோளமாவைக் கையால் தட்டி அடுப்பில் போடும் நேரத்தில் வினைச்சொற்களைத் திருத்தினார். வகுப்புகள் சிறியவை. ஆசிரியர்கள் பொறுமையானவர்கள். உள்ளூர் மாணவர்களின் பாடத்திட்டத்தில் பாடத்துக்குப் பெயர் ‘கல்வி அனுபவம்’ என்பதாகும். முதலில் அதை அலங்காரச் சொல் என்றே நினைத்தேன். மெக்சிகோவில் பட்டம் பெற விரும்பும் எவரும் குறைந்தது 480 மணி நேரம் சமூக சேவை செய்தாக வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருப்பதைப் பார்த்த பின், அந்தச் சொல்லுக்கு ஓரளவு பொருள் உண்டு என்று ஒப்புக்கொண்டேன்.

இசையையும் சொல்ல வேண்டும். 1929இல் தோன்றிய ஹலாப்பா சிம்பொனி இசைக்குழு இப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அந்நாட்டில் இன்றும் இயங்கும் சிம்பொனிக் குழுக்களில் மிகப் பழையது என்று பெயர் பெற்றது. மேலை இசை எனக்குப் புரியாது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கசங்கிய சட்டையும் புத்தகப் பையுமாக மாணவர்கள் கூட்டம் கூட்டமாகக் கச்சேரிக்கு வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, இசை அங்கே பணக்காரரின் சொத்தாகக் கருதப்படவில்லை என்பது புரிந்தது.

நான் இரண்டு முழு நாள்களைச் செலவிட்டது பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்தில். 1986இல் திறக்கப்பட்ட இப்போதைய கட்டடம் சரிவான நிலத்தில் படிப்படியாக இறங்கிச் செல்கிறது. கூடங்களுக்கு நடுவே தோட்டங்கள் வருவதால் கால் வலித்தாலும் கண் சலிப்பதில்லை. ஒல்மெக் எனப்படும் பழைய நாகரிகத்தார் கல்லில் செதுக்கிய பெருந்தலைகளில் இதுவரை கண்டெடுக்கப்பட்டவை 17; அவற்றுள் 7 இங்கே உள்ளன. சான் லொரென்சோவில் கிடைத்தவற்றுள் ஒன்று 2.8 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 25 டன் எடையும் கொண்டது. சக்கரமும் பாரம் இழுக்கும் மாடும் இல்லாத காலத்தில், துஸ்த்லாஸ் மலையின் எரிமலைக் கல்லைப் பல மைல் தொலைவு கொண்டுவந்து செதுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது கல்லன்று, பெயர். ‘ஒல்மெக்’ என்பது அம்மக்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயரன்று. பிற்காலத்தில் அந்தக் கரையோரத்தில் வாழ்ந்தவர்களை மெக்சிகோவின் பூர்வகுடி மொழிகளுள் ஒன்றான நாவாட் பேசியோர் அழைத்த பெயரை ஆய்வாளர்கள் பழைய நாகரிகத்துக்கும் சூட்டிவிட்டார்கள். அதன் பொருள் ரப்பர் நாட்டார். நம் வாய்வழக்கில் சொன்னால், கித்தா மக்கள். ரப்பரைக் குறிக்கும் நாவாட் சொல்லிலிருந்தே மெக்சிகோ ஸ்பானியத்தின் ‘ஊலே’ பிறந்தது. அதே மாநிலத்தின் எல் மனாத்தி என்னும் சதுப்பு நிலத்தில், கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட ரப்பர்ப் பந்துகள் கெடாமல் கிடைத்தன. அந்த அகழ்வை நடத்தியவர்களுள் பொன்சியானோ ஓர்த்திஸ் இப்பல்கலைக்கழகத்தின் மானுடவியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர். அந்தப் பழைய மக்கள் ரப்பர்ப் பால் எடுத்த மரம் வேறு இனம். 1877இல் நம் நாட்டின் கோலகங்சாரில் நடப்பட்டதும் என் தாய் விடியுமுன் உளியும் விளக்குமாகப் போய் வெட்டியதும் பிரேசில் வழி வந்த இனம். ஆனாலும் மங்குக் கிண்ணத்தில் சொட்டும் பாலும், ஒட்டுப்பாலின் அந்த நாற்றமும், சட்டையை விட்டுப் போகாத கறையும் எங்கும் ஒன்றாகத்தானே இருந்திருக்கும்? பால்மரம் வெட்டிய கை என்றால் நம் ஊரில் தாழ்வாகப் பார்த்த காலத்தை அறிந்தவன் நான். ஒரு முழு நாகரிகத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டிக் கூடத்தின் நடுவே நிறுத்தியிருந்தார்கள். “என்னப்பா, அழுகிறீர்களா?” என்றாள் மகள். “தூறல், அம்மா,” என்றேன். நாங்கள் கட்டடத்துக்குள் இருந்தோம்.

மற்றொரு நாள் ஒரிசாபா வழியாக மலையேறித் தெக்கீலா என்ற சிற்றூருக்குப் போனோம். மதுவுக்குப் பெயர்போன தெக்கீலா ஹலிஸ்கோ மாநிலத்தில் இருப்பது. இது வேறு ஊர், புட்டி எதுவும் கிடைக்காது. பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய பல்பண்பாட்டுப் பிரிவுக்குச் சிற்றூர்களில் நான்கு இருப்பிடங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று இங்கே. சுற்று வட்டார நாவாட் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வந்து படிக்கிறார்கள். தம் ஊர்த் தண்ணீரையும் வைத்தியத்தையும் நிலத்தையும் மொழியையும் பற்றி ஆய்வு செய்கிறார்கள். ஆய்வேட்டை நாவாட்டில் எழுதி, நாவாட்டிலேயே வாதிடலாம். நாவாட் மொழி, பண்பாடு பற்றிய முதுகலைப் படிப்பு முழுக்க அம்மொழியிலேயே நடக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருப்பதை நான் மறக்கவில்லை, அதனால் பயன் பெற்றவர்களுள் நானும் ஒருவன். ஆனால் அது கோலாலம்பூரில் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடம் நின்று, லயத்துப் பாட்டி கதை சொல்ல, பேத்தி அதை ஆய்வாக எழுதும் காட்சியை நான் கனவிலும் கண்டதில்லை. தெக்கீலாவில் வேறு மொழியில் பகலிலேயே கண்டேன்.

குறைகளும் உண்டு. நுழைவுத் தேர்வு எழுதும் உள்ளூர்ப் பிள்ளைகளில் பல ஆயிரம் பேர் ஆண்டுதோறும் இடமின்றித் திரும்புகிறார்கள். கட்டணம் குறைவு என்பார்கள்; ஆனால் புலந்தோறும் மேம்பாட்டுக் குழு என்ற பெயரில் தனி வசூல் உண்டு. ஆசிரியர்களில் கணிசமானோர் மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர்கள். 1996இல் தன்னாட்சி கிடைத்தும் பணப்பை மாநில அரசின் கையில்தான் இருந்தது: 2016 மார்ச்சில், தரவேண்டிய நிதியைத் தரக்கோரி அன்றைய தலைவர் சாரா லாத்ரோன் தே கெவாராவே மாணவர்களோடும் பேராசிரியர்களோடும் வீதியில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது, 200 கோடி பெசோவுக்கும் மேல் நிலுவை என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. அதே அம்மையார் முன்பு அந்த அருங்காட்சியகத்தை நடத்தியவர் என்பதை அறிந்தபோது எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

பதிப்பகத்தைச் சொல்லாமல் விட்டால் பள்ளி நூலகத்தோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்கு உறுத்தும். 1957இல் தொடங்கிய பல்கலைக்கழகப் பதிப்பகம், உலகம் இன்னும் அறியாதிருந்த கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் சிறுகதைத் தொகுப்பொன்றை 1962இல் வெளியிட்டது.

இனி, அனுப்பலாமா என்ற கேள்வி. முழுப் பட்டத்துக்கு அனுப்ப வேண்டாம் என்பேன். பாடம் அனைத்தும் ஸ்பானியத்தில் நடக்கும். ஒரு பருவம் படித்த மொழியைக் கொண்டு விரிவுரையைப் பின்தொடர முடியாது என்று மகளே சொல்கிறாள். திரும்பி வந்து அரசாங்க வேலை தேடுவோர் பட்டத்தின் அங்கீகாரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். மொழி, மானுடவியல், இசை ஆகியவற்றில் ஆர்வமுள்ள பிள்ளையை ஒரு பருவத்துக்குத் தாராளமாக அனுப்பலாம். உடன் போகும் பெற்றோர் குளிருக்கு ஒரு சட்டையும் குடையும் எடுத்துக்கொள்க. அருங்காட்சியகம் திங்கட்கிழமை திறந்திருக்காது, நாங்கள் முதல் முறை போனது திங்கட்கிழமை.