ஃபெடரர், நடால், ஜோகோவிச்: யாருக்கு யார் ஆகாது?

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் காலையில் டென்னிஸ் ஆடி முடித்துவிட்டு டீக்கடையில் நின்றால், வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பஞ்சாயத்து வந்துவிடும். டென்னிஸில் யார் பெரியவர், ஃபெடரரா, நடாலா, ஜோகோவிச்சா? யாராவது ஒருவர் உடனே கிராண்ட் ஸ்லாம், அதாவது நான்கு பெரிய போட்டிகளின் பட்டக் கணக்கை எடுத்துப் போடுவார். ஜோகோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20, இதற்கு மேல் என்ன பேச்சு என்பார். அந்தக் கணக்கோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் அது ஊர் உலகத்தில் உள்ள எல்லோரோடும் ஆடிச் சேர்த்த கணக்கு. இந்த மூன்று பேரில் ஒருவர் எதிரே இன்னொருவர் வந்து நிற்கும்போது என்ன ஆகிறது என்று கேட்டால், பதில் எனக்குத் தெரிந்தவரை ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது: ஒருவர் வழக்கமாக அடிக்கிற பந்து மற்றவரின் எந்தப் பக்கம், எந்த உயரத்தில் போய்ச் சேருகிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது டிவி இல்லை. எங்கள் செம்மண் கோர்ட்டில் ஆடும் ஒரு இடதுகை அண்ணன். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஓட்டம் குறைந்துவிட்டது, அடியிலும் பெரிய வேகம் இல்லை. ஆனால் ஃபோர்ஹேண்டை, அதாவது ராக்கெட் பிடித்த கைப் பக்கத்து அடியை, கீழிருந்து மேலே சீவி விடுவார் பாருங்கள், பந்து வலைக்கு மேலே ஒரு முழம் தூக்கலாக வந்து, என் பேக்ஹேண்ட் பக்கம், அதாவது ராக்கெட் இல்லாத கைப் பக்கம் குத்தி, காலையில் தண்ணீர் தெளித்து ரோலர் விட்ட மண்ணில் முட்டை வடிவத்தில் ஒரு தடம் பதித்துவிட்டு, என் காது உயரத்துக்கு எழும். நான் ஒற்றைக் கையில் பேக்ஹேண்ட் அடிக்கிறவன். இடுப்பு உயரத்தில் வந்தால் அந்த அடியை நம்பி எங்கே வேண்டுமானாலும் வைப்பேன். அதுவே தோளைத் தாண்டினால் கையில் பலம் நிற்காது, பின்னால் போய், பந்தை அடியில் அறுத்து விடும் ஸ்லைஸ்தான் போட முடியும், அது பாதிக் கோர்ட்டில் செத்து விழும், அண்ணன் நிதானமாக உள்ளே வந்து காலியான பக்கத்தில் தட்டிவிட்டுப் போவார். "உனக்குப் பிடிச்ச பந்தை நான் ஏன் தம்பி உனக்குப் போடணும்?" என்று ஒரு நாள் கேட்டார். ஃபெடரருக்கு நடால் என்ன செய்தார் என்பது முழுசாக அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டு பேரும் மொத்தம் 40 ஆட்டம் ஆடியிருக்கிறார்கள், நடால் 24, ஃபெடரர் 16. இதைப் பிரித்துப் பார்த்தால்தான் கதை தெரியும். களிமண் தரையில் நடால் 14, ஃபெடரர் 2. மற்ற தரைகள் எல்லாம் சேர்த்தால் ஃபெடரர் 14, நடால் 10. அதாவது பந்து உயரமாக எழும் இடத்தில் ஒரு முடிவு, தாழ்ந்து வழுக்கிப் போகும் இடத்தில் வேறு முடிவு. ஆட்களும் அதே ஆட்கள், திறமையும் அதே திறமை.

நடால் பிறவியில் வலதுகைக்காரர், டென்னிஸ் மட்டும் இடது கையில். அவருடைய குறுக்கு ஃபோர்ஹேண்ட், அதாவது கையை வீசினால் இயல்பாகவே போகும் அந்த அடி, நேராக ஃபெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்குப் போகிறது. இதே வேலையை ஒரு வலதுகைக்காரர் தன் ஃபோர்ஹேண்டால் செய்ய வேண்டுமென்றால், ஒன்று ஓரக் கோட்டை ஒட்டி நேராக அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஓடிச் சுற்றிப் போய்த் தன் பேக்ஹேண்ட் மூலையில் நின்று அடிக்க வேண்டும். கோட்டை ஒட்டி அடித்தால் வலை ஓரத்தில் 107 செ.மீ. உயரம், நடுவில் 91 செ.மீ.தான். நடாலுக்கோ வலையின் தாழ்ந்த இடம், கோர்ட்டின் நீளமான மூலைவிட்டம் இரண்டும் சும்மாவே கிடைத்தன. அதோடு நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் முன்னோக்கிச் சுழலும் டாப்ஸ்பினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிரெஞ்ச் ஓபன் நடக்கும் பாரிஸ் களிமண்ணில் அது ஃபெடரரின் தோளுக்கு மேலே எழுந்துகொண்டே இருந்தது. ஃபிரெஞ்ச் ஓபனில் ஆறு முறை மோதினார்கள், ஆறிலும் நடால். 2008 ஃபைனல் 6-1, 6-3, 6-0. ஃபெடரரை விரும்பும் எனக்கு அந்த ஆட்டத்தை மறுபடி பார்க்க இன்றுவரை மனம் வரவில்லை.

இடதுகையில் இன்னொரு விஷயம் இருக்கிறது, டீக்கடையில் யாரும் பேசுவதில்லை. பிரேக் பாயிண்ட், அதாவது சர்வ் போடுபவரின் கேமையே பறிக்கும் வாய்ப்பு, பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து ஆடப்படுகிறது? 30-40, அட்வான்டேஜ் எதிராளிக்கு, 0-40, இந்த மூன்றும் அட்வான்டேஜ் கோர்ட்டில், அதாவது அவரவர் இடது பாதியில் வருபவை. அந்தப் பக்கத்திலிருந்து இடதுகைக்காரர் சர்வை அறுத்துப் போட்டால், பந்து வலதுகைக்காரரின் பேக்ஹேண்டை இன்னும் வெளியே இழுத்துக்கொண்டு போகும், திரும்பி வருவதற்குள் கோர்ட் திறந்து கிடக்கும். 2007 ஃபிரெஞ்ச் ஓபன் ஃபைனலில் ஃபெடரருக்குக் கிடைத்த பிரேக் பாயிண்ட் 17, எடுத்தது ஒன்றே ஒன்று. மனசு தளர்ந்துவிட்டது, அழுத்தம் தாங்கவில்லை என்றெல்லாம் அப்போது எழுதினார்கள். மனசும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் கழுத்தைப் பிடிக்கும் நேரத்தில் எல்லாம் எதிராளிக்குப் பிடித்த பக்கத்திலிருந்தே சர்வ் வந்தால் யாராக இருந்தாலும் திணறத்தான் செய்வார்.

நம் ராமநாதன் கிருஷ்ணனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார், இரண்டிலும் தோற்றார். முதல் வருடம் நீல் ஃப்ரேசரிடம், அடுத்த வருடம் ராட் லேவரிடம். இரண்டு பேருமே இடதுகைக்காரர்கள், இரண்டு பேருமே அந்தந்த வருடத்து சாம்பியன்கள். 1961இல் கால் இறுதியில் ராய் எமர்சனை நேர் செட்டில் மடக்கிவிட்டு வந்தவருக்கு எதிரே நின்றது லேவர். அவர்கள் சாம்பியன்கள், வென்றதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் இரண்டு தடவையும் இடதுகை.

சரி, ஃபெடரர் இதற்கு மருந்தே கண்டுபிடிக்கவில்லையா? கண்டுபிடித்தார், ரொம்பத் தாமதமாக. பல வருடம் 90 சதுர அங்குல ராக்கெட்டோடு ஆடியவர் 2014இல் 97க்கு மாறினார். முழங்கால் பிரச்சினையால் ஆறு மாதம் ஆடாமல் இருந்துவிட்டு 2017 ஆஸ்திரேலிய ஓபனுக்கு வந்தபோது வயது 35. ஃபைனலில் நடால், ஐந்தாவது செட்டில் 1-3 பின்தங்கல். அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம். அந்த ஐந்து கேமில் அவர் நின்ற இடத்தைப் பாருங்கள், கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனை விட்டு நகரவே இல்லை. பந்து தோள் வரை எழுவதற்கு முன்னாலேயே, குத்தி மேலே வரும் வழியிலேயே, ஸ்லைஸ் இல்லாமல் பேக்ஹேண்டைத் தட்டையாக அடித்தார். பெரிய ராக்கெட், வேகமான தரை இரண்டும் கை கொடுத்தன என்பதும் உண்மை. அந்த வருடம் இதையும் சேர்த்து இண்டியன் வெல்ஸ், மயாமி, ஷாங்காய் என்று மோதிய நான்கிலும் ஃபெடரர்தான். பத்து வருடத்துக்கு முன்னாலேயே இப்படி நின்றிருக்கலாமே என்று எனக்கு ஒரு ஆதங்கம், இன்னும் தீரவில்லை.

அண்ணனோடு நானும் அப்படி ஒரு அடி முன்னால் நின்று பார்த்தேன். செம்மண்ணில் சரியாக வரவில்லை, பந்து எகிறும் கோணம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குப் போனோம், தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டத்தில் பழைய சிமெண்ட் கோர்ட் ஒன்று இருக்கிறது, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில். அங்கே நான் இரண்டு செட் ஜெயித்தேன். அண்ணன் அதே மாதிரிதான் சீவினார், ஆனால் பந்து வளைந்து இறங்காமல் பேஸ்லைனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. திரும்பி சேலம் வந்து அடுத்த வாரம் ஆடினால் பழையபடி அவர்தான். முப்பது கிலோமீட்டர் தூரத்தில் முடிவு தலைகீழ்.

காரணம் மலைதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று அடர்த்தி குறைவு, அதனால் பந்தைத் தடுப்பதும் குறைவு, சுழற்சி பிடித்து இழுத்து இறக்குவதும் குறைவு. பந்துக்கு உள்ளே இருக்கும் அழுத்தம் மாறுவதில்லை, வெளியே குறைகிறது, அதனால் குதிப்பும் கூடும். 1,219 மீட்டருக்கு மேலே ஆடுவதற்கென்றே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தனி வகைப் பந்தை வைத்திருக்கிறது, நாங்கள் கொண்டுபோனது சேலத்தில் ஆடும் சாதாரணப் பந்து. இப்போது மாட்ரிட்டை நினைத்துப் பாருங்கள். களிமண்ணில் ஃபெடரர் நடாலை வென்ற இரண்டே ஆட்டங்களில் ஒன்று 2009 மாட்ரிட் ஃபைனல், சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். முந்தின நாள் நடால் ஜோகோவிச்சோடு நான்கு மணி நேரம் ஆடிக் களைத்திருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று 2007 ஹாம்பர்க், அங்கே மலையும் இல்லை ஒன்றும் இல்லை, களிமண்ணில் நடாலின் 81 ஆட்டத் தொடர் வெற்றி அங்கேதான் முடிந்தது. ஆக உயரம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஜோகோவிச் விஷயத்துக்கு வருவோம். ஃபெடரரை வாட்டிய அதே பந்து இவரிடம் போனால் என்ன ஆகிறது? இரண்டு கை பேக்ஹேண்ட். தோள் உயரத்தில் வரும் பந்தை மேல் கை தாங்கிப் பிடித்து அழுத்தித் தள்ளிவிடுகிறது. போதாததற்கு அதைக் கோட்டை ஒட்டி நடாலின் பேக்ஹேண்ட் பக்கம் மாற்றிவிடுவார். நடாலின் மிகச் சிறந்த அடி இவருடைய மிகச் சிறந்த அடியில் போய் முட்டுகிறது. 2011இல் ஆறு ஃபைனலில் மோதி ஆறிலும் நடாலை வென்றார், அடுத்து 2012 ஆஸ்திரேலிய ஓபன் ஃபைனல், 5 மணி 53 நிமிடம், அதுவும் ஜோகோவிச். மொத்தம் 60 ஆட்டத்தில் 31-29. இங்கேயும் தரைக் கணக்கு தனியாகப் பேசும்: களிமண்ணில் நடால் 20-9, ஹார்டு கோர்ட்டில் ஜோகோவிச் 20-7. ஃபிரெஞ்ச் ஓபனில் நடால் ஆடிய 116 ஆட்டத்தில் தோற்றது நான்கு, அந்த நான்கில் இரண்டு ஜோகோவிச்சிடம். மற்ற இரண்டு பேர் சோடர்லிங், ஸ்வெரவ். இரண்டு பேருமே நெட்டையானவர்கள், இரண்டு கை பேக்ஹேண்ட். பந்து எவ்வளவு எழுந்தாலும் அவர்கள் அடிக்கிற உயரத்துக்குள்தான் இருக்கும்.

ஆனால் 2020 ஃபிரெஞ்ச் ஓபன் ஃபைனலை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. அக்டோபர் குளிர், மூடிய கூரை, கனத்த பந்து, அதிகம் எழாது, ஜோகோவிச்சுக்குத்தான் தோது என்று நானும் உறுதியாக நம்பினேன். 6-0, 6-2, 7-5 என்று நடால் முடித்தார். தாழ்ந்த பந்தை வைத்தும் அந்த மண்ணில் அவரால் ஆள முடிந்தது.

ஃபெடரர், ஜோகோவிச் ஜோடியில் இப்படி ஒரு கோணப் பிரச்சினை கிடையாது. இரண்டு பேரும் வலதுகை, களிமண்ணில் 4-4, மொத்தம் 27-23 ஜோகோவிச் பக்கம். ஃபெடரரின் ஆயுதம் சர்வும் அதற்கு அடுத்த அடியும், ஜோகோவிச்சின் ஆயுதம் சர்வைத் திருப்பி அடிக்கும் ரிட்டர்ன், அதுவும் பேஸ்லைன் நடுவில் காலடிக்கு வந்து விழும் ரிட்டர்ன், அது விழுந்தால் அந்த அடுத்த அடிக்கு நேரமே இருக்காது. 2019 விம்பிள்டன் ஃபைனலில் ஃபெடரர் எடுத்த புள்ளி 218, ஜோகோவிச் 204. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, ஃபெடரரின் சர்வ், இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட். போனது. செட் சமனில் நின்றால் ஆடும் டைபிரேக் மூன்று, மூன்றும் ஜோகோவிச். முக்கியமான பாயிண்டில் தப்பே செய்யாத ஒருவரோடு ஆடும்போது கூடுதலாக எடுத்த 14 புள்ளிக்கு மதிப்பில்லாமல் போகிறது.

ஆக என்னைக் கேட்டால், எங்கள் சேலம் செம்மண்ணில் மே மாத வெயிலில் ஆடவிட்டால் நடால், யார் எதிரே இருந்தாலும். ஏற்காட்டு சிமெண்டில் ஒரே ஒரு செட் என்றால் ஃபெடரர், அந்தக் காற்றில் அவர் சர்வைத் தொடுவதே கஷ்டம். ஐந்து செட் என்றால் அங்கேயும் ஜோகோவிச். எந்தத் தரை, எந்த நாள், எதிரே யார் என்று எதுவுமே தெரியாமல் ஒருவரைக் கை காட்டு என்றால் ஜோகோவிச் என்றுதான் நானும் சொல்வேன், ஃபெடரரை நேசிக்கிறவனாக இருந்தாலும்.

இப்போதைய அல்கராஸ், சின்னர் ஜோடியில் தேடினாலும் அந்தப் பழைய ஓட்டை கிடைக்காது. இருவரும் வலதுகை, இருவரும் இரண்டு கை பேக்ஹேண்ட், தோள் உயரம் இருவருக்கும் பொருட்டில்லை. வித்தியாசம் முன்னும் பின்னும்தான் இருக்கிறது. சின்னர் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஆழமாக அடித்து அல்கராஸைப் பின்னால் தள்ளப் பார்ப்பார், அல்கராஸ் அதே ஃபோர்ஹேண்ட் வீச்சை எடுத்துக்கொண்டு வந்து கடைசி நொடியில் வலைக்குப் பக்கத்திலேயே செத்து விழும் டிராப் ஷாட்டாக மாற்றுவார். 2025 பாரிஸ் ஃபைனலில் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டைக் காப்பாற்றி 5 மணி 29 நிமிடத்தில் அல்கராஸ், ஐந்தே வாரம் கழித்து விம்பிள்டனில் நான்கு செட்டில் சின்னர், செப்டம்பரில் நியூயார்க்கில் மறுபடி அல்கராஸ். எங்கள் டீக்கடையில் இந்தப் பஞ்சாயத்து இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, இடதுகை அண்ணன் சின்னர் பக்கம், நான் அல்கராஸ் பக்கம்.