வண்டி வாசலில், நான் டாக்சியில்: இரண்டரை வருட அனுபவம்

போன வாரம் காருக்குப் பேட்டரி மாற்றினேன். கழற்றிப் போட்ட பேட்டரிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அது ஓடித் தேயவில்லை, நின்று நின்றே செத்துப்போனது. அதே வாரத்தில் தோழி ஒருத்தி கேட்டாள்: "சொந்தமா கார் வாங்கட்டுமா, இல்ல டாக்சியிலேயே சமாளிச்சிடலாமா? நீதான் ரெண்டையும் வச்சிருக்கியே." போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

கணக்கை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். கடன் தவணை, இன்சூரன்ஸ், வருடா வருடம் குறையும் மதிப்பு எல்லாம் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும். தினம் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கும் மீதி 23 மணி நேரம் அது நிற்கத்தான் செய்கிறது. குறைவாக ஓட்ட ஓட்ட ஒவ்வொரு கிலோமீட்டரும் விலை கூடும். என்னைப்போல் வாரத்துக்கு நான்கைந்து தடவை, அதுவும் ஊருக்குள்ளேயே போகிறவருக்கு டாக்சிதான் மலிவு. நோட்டில் எழுதிப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. மழை நாளில் கட்டணம் ஏறுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் டாக்சிக்கு மாறியது காசுக்காக இல்லை. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கையில் கட்டு. அதற்கு முன் ஐந்தரை வருடம் எங்கே போனாலும் நானேதான் ஓட்டுவேன். கட்டுப் பிரித்த பிறகும் டாக்சியை விட மனம் வரவில்லை. அதற்குக் காரணம் அப்பா.

அப்பாவுக்கு ஒரு காதில்தான் நன்றாகக் கேட்கும். காரில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால், கேட்காத காது என் பக்கம் வரும். ஐந்தரை வருடமும் அப்படித்தான் போனோம். நான் ஏதாவது சொல்வேன், "என்னம்மா?" என்பார். சத்தமாகத் திரும்பச் சொல்வேன், இன்ஜின் சத்தத்தில் அதுவும் பாதிதான் போய்ச் சேரும். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாது, அதனால் அவர் முகத்தைப் பார்த்தும் பேச முடியாது. ஒரு கட்டத்தில் வண்டியில் ஏறினால் பேசுவதையே இருவரும் விட்டுவிட்டோம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார், நான் முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். அது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றியதில்லை.

கை கட்டோடு முதல் தடவை டாக்சியில் போனபோது இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். தற்செயலாகக் கேட்கும் காது என் பக்கம் இருந்தது. நான் சாதாரணக் குரலில் ஏதோ சொன்னேன், அவர் சாதாரணக் குரலில் பதில் சொன்னார். எனக்கு ஒரு நிமிடம் என்ன நடந்தது என்றே புரியவில்லை. அன்று முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே போனோம். அப்பாவுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவருடைய அக்கா என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அத்தை சைக்கிள் ஓட்டுவார் என்பதே தெரியாது. அப்புறம் எப்போது டாக்சி வந்தாலும் அவரை அந்தப் பக்கக் கதவு வழியாக முதலில் ஏற்றி, நான் சுற்றிப் போய் ஏறுவேன். டிராஃபிக்கில் மாட்டினால் முன்பெல்லாம் கிளட்ச் மிதித்து மிதித்துக் கால் முட்டி வலிக்கும், கூடவே எரிச்சலும். பின்சீட்டில் அந்த நேரம் எங்களுக்குக் கிடைத்த நேரமாக ஆனது. சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் பேச்சு பாதியில் நின்றுவிட்டதே என்று இருக்கும். டாக்சியைப் பற்றி இதைவிடப் பெரிய பாராட்டு என்னிடம் இல்லை.

இழப்பும் உண்டு. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் நானே வண்டி எடுத்தேன். பல வருடம் போய்வந்த பாதையில் எந்தத் திருப்பம் என்று தடுமாறினேன். டாக்சியில் ஏறினால் இறங்கும் இடம்தான், நடுவில் இருக்கிற ஊர் மனதில் பதிவதே இல்லை. லண்டனில் கருப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 1865 முதல் அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. அந்த ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2000-ல் வந்தது. இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்ததாம். ஓட்டுகிறவருக்கு ஊர் மண்டைக்குள் ஏறுகிறது, பின்சீட்டில் இருப்பவருக்கு இறங்கிப்போகிறது. என் அனுபவம் அப்படித்தான் சொல்கிறது.

குமட்டலும் புதிதாக வந்தது. ஓட்டும்போது ஒருநாளும் எனக்கு வந்ததில்லை. பின்சீட்டில் போனைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் வாயில் உமிழ்நீர் ஊறும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடம்பு அசைகிறது என்கிறது, திரையைப் பார்க்கும் கண் அசையவில்லை என்கிறது. அந்த முரண்தான் தலைசுற்றலாக வருகிறது. ஓட்டுகிறவர் வளைவை முன்கூட்டியே பார்த்து அவரே திருப்புவதால் அவருக்கு அது அவ்வளவாக வராது. போனை உள்ளே வைத்துவிட்டு வெளியே தூரத்தில் பார்த்தால் சரியாகிவிடும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்.

போனில் டாக்சி ஆப்பைத் திறந்து புக் செய்கிறோம். "3 நிமிடத்தில் வரும்" என்று காட்டுகிறது. வரைபடத்தில் அந்தக் குட்டிக் கார் நிற்கிறது. 3 நிமிடம் 4 ஆகிறது, 5 ஆகிறது, கார் அசையவில்லை. அப்புறம் போன்: "எங்கே போகணும்?" சொல்கிறோம். சில நொடி அமைதி. "சரி, வர்றேன்." கார் அப்போதும் அசையவில்லை. அவர் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும். அவர் ரத்து செய்தால் அவர் கணக்கில் அது பதிவாகும், அதனால் நான் ரத்து செய்யட்டும் என்று காத்திருக்கிறார். நான் செய்தால் ரத்துக் கட்டணம் என் தலையில். யார் முதலில் சலித்துப்போகிறோம் என்பதுதான் போட்டி. "வரமுடியாது" என்று நேராகச் சொல்லிவிட்டால் அடுத்த வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. டாக்சி மீட்டரை ஜெர்மனியில் புரூன் என்பவர் 1891-ல் உருவாக்கினார். மீட்டர் இருந்தால் வண்டிக்காரரும் பயணியும் ரோட்டில் நின்று பேரம் பேச வேண்டியதில்லை. இப்போது வண்டியில் ஏறும் முன்பே ஆப்பில் தொகை தெரிகிறது, அது இன்னும் நல்லது. ஆனால் "மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்தா வர்றேன்" என்று போனில் அதே பேரம் திரும்பி வந்து நிற்கிறது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஓட்டுநர் ஒருவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நாலு கிலோமீட்டர் காலியா வந்து உங்களை ஏத்தணும். நீங்க இறங்கற இடத்துல திரும்பி வர சவாரி கிடைக்காது, திரும்பவும் காலி. டீசல் என் காசு. போற இடம் எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சா ஏன் போன் பண்றேன்?" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. காலி ஓட்டத்தின் செலவை அவர் தலையில் கட்டிவிட்டு, "3 நிமிடம்" என்று எனக்கு வாக்குக் கொடுப்பது ஆப்தான். இடையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறோம். நன்றாகப் பேசி, அப்பா ஏறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓட்டுநர்களும் நிறையப் பேர் உண்டு. அவர்களை மறந்துவிட்டு எழுதக்கூடாது.

ஆனால் மூன்று வாரம் முன்பு நடந்ததையும் மறக்க முடியவில்லை. அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு இரவு எட்டரைக்கு வெளியே வந்தோம். முதல் வண்டி அசையவில்லை. இரண்டாவது "எங்கே?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனது. மூன்றாவது பக்கத்துத் தெருவரை வந்து திரும்பிப் போனது, வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போய் உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை. நாற்பது நிமிடம். ஐந்தாவது வண்டி வந்தது. ஏறியதும், "வண்டியை எடுத்துட்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, களைப்பில் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. ஏனென்றால் அன்று காலையில் வண்டியைத்தான் எடுக்கப் பார்த்தேன். சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. செல்ஃப் எடுக்கவில்லை.

இதைத்தான் தோழிக்கு அழுத்திச் சொன்னேன். டாக்சி வராத நாளுக்குக் கார் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்சியிலேயே போனதால்தான் அந்தக் கார் செத்தது.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 11.8 வோல்ட். நல்ல நிலையில் ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்ட வேண்டும், 12-க்கே வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம் என்று பொருள். பூட்டி நிறுத்திய வண்டியும் மின்சாரம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். அலாரம், கடிகாரம், சாவியின் சிக்னலுக்காகக் காத்திருக்கும் ரிசீவர், எல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியில் உள்ள மின்சாரத்தை அளக்கும் அலகு). 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் மூன்று வாரத்துக்குள் பாதி காலி. அந்த நிலையிலேயே விட்டால் தகடுகளில் படியும் லெட் சல்பேட் இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழையபடி நிற்காது. நான் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தேன். அது போதும் என்றுதான் நினைத்தேன். போதாது. ஸ்டார்ட் செய்ய எடுத்ததையும் அத்தனை நாள் கசிந்ததையும் நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடி ஈடு கட்ட முடியாது.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, டெர்மினலில் பூத்திருந்த வெள்ளையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "ஓடிக் கெடுற வண்டியைவிட நின்னு கெடுற வண்டிதான் மேடம் என்கிட்ட அதிகம் வருது." டயரையும் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3517 என்றால் 2017-ன் 35-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிடும். என் டயரில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. கிலோமீட்டர் ஆகவில்லையே என்று இன்ஜின் ஆயிலையும் மாற்றாமல் விட்டிருந்தேன், அதையும் வருடம் ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும்.

சரி, முடிவு. கணக்கும் டாக்சி பக்கம், அப்பாவோடு பேசிய பேச்சும் டாக்சி பக்கம். தோழிக்கு நான் சொன்னது: வாங்கு. வாங்கினால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டு, இல்லாவிட்டால் வாங்காதே. அந்த நாற்பது நிமிடம் இன்னும் என் மனதிலிருந்து போகவில்லை, அந்த ஆத்திரத்தில் சொல்கிறேனோ என்றும் யோசித்தேன். ஆத்திரம்தான். இருந்தாலும் மாற்றிச் சொல்ல மனமில்லை.

வியாழக்கிழமை அப்பாவுக்கு மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். நானே ஓட்டப் போகிறேன். கேட்காத காது என் பக்கம்தான் வரும். அவர் பேசிக்கொண்டு வரட்டும், எனக்கு நன்றாகவே கேட்கும். சிக்னலில் நிற்கும்போது முகத்தைத் திருப்பிப் பதில் சொல்கிறேன்.