ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6: ஏன் தோற்றோம் என்று காட்டித் தரும் ஆட்டம்

சண்டை கேம் எதுவும் ஆடிப் பழக்கமில்லை, ஒன்றையாவது உருப்படியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்வது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. கேப்காம் 2023 ஜூன் 2-ல் வெளியிட்டது. கணினியில் ஓடும், பிஎஸ் 4, பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளிலும் ஓடும். பார்க்க அழகு, பாட்டு நன்றாக இருக்கிறது என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இதில் அடி வாங்கித் தோற்றால், எந்த இடத்தில் எதனால் தோற்றோம் என்று உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். புதிதாக வருபவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

நான் கீழ்ப்பாக்கத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். நாற்பதைத் தாண்டியாயிற்று. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்தால் மதியம் வியாசர்பாடி வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதுதான் என் ஆட்ட நேரம். வேளச்சேரியில் இருக்கும் அண்ணன் மகன் பிஎஸ் 5 வைத்திருக்கிறான், என்னிடம் கணினி. யார் எந்தப் பெட்டி வைத்திருந்தாலும் ஒருவரோடு ஒருவர் ஆடலாம் என்பதால் இருவரும் அடிக்கடி மோதிக்கொள்கிறோம். இந்த வயதில் இதெல்லாம் கை வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாக இருந்தது. அதில் தங்கம் வாங்கியவர் தென்கொரியாவின் கிம் குவான்-வூ. அப்போது அவருக்கு வயது 44.

முதலில் கன்ட்ரோல். பழைய முறைக்குப் பெயர் கிளாசிக்: ஆறு அடி பட்டன், ஸ்பெஷல் எனப்படும் சிறப்பு அடி ஒவ்வொன்றுக்கும் விரலால் ஒரு கோலம் போட வேண்டும். ரியூ என்ற ஆளின் ஷோர்யுகென்னுக்கு, அதாவது துள்ளி மேலே எழும் குத்துக்கு, முன்பக்கம், கீழே, கீழ்முன் மூலை என்று தட்டிவிட்டுப் பஞ்ச் அடிக்க வேண்டும். எதிராளி தலைக்கு மேலே தாவி வரும் அந்த நேரத்தில், புதியவர் கையில் இது எங்கே வரும்? புதிய முறையான மாடர்னில் முன்பக்கம் அழுத்தி ஸ்பெஷல் பட்டனைத் தட்டினால் போதும், ஷோர்யுகென் வந்துவிடும். இப்படிக் குறுக்கு வழியில் போடும் ஸ்பெஷலுக்கு அடியின் பலம் 20 சதவீதம் குறைவு, சில சாதாரண அடிகளும் கிடைக்காது. அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. மாடர்னில் ஆடுபவர்களைக் கொஞ்சம் மட்டமாகப் பார்க்கிறவர்கள் உண்டு, அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். விரல் கோலத்தோடு மல்லுக்கட்டும் நேரத்தில், எதிராளி என்ன செய்கிறான் என்று பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். ஜெயிக்க வைப்பது அந்தப் பார்வை. பிறகு ஆசை வந்தால் கிளாசிக்குக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஃப்ரேம். இந்த வார்த்தையைப் பார்த்துப் பயந்து ஓடுகிறவர்கள்தான் அதிகம். உள்ளே இருப்பது சின்னக் கணக்கு. ஃப்ரேம் என்றால் திரையில் வரும் ஒரு படம், ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது. வேகமான சின்னக் குத்து 4 ஃப்ரேமில் வந்து விழும். கண்ணால் பார்த்துக் கை அசைய நமக்குச் சுமார் கால் நொடி, அதாவது 15 ஃப்ரேம் ஆகிறது. ஆகவே சின்னக் குத்தைப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது, அது வரப் போகிறது என்று ஊகித்து முன்கூட்டியே பிளாக் பிடித்திருக்க வேண்டும். டிரைவ் இம்பாக்ட் அப்படி இல்லை. மை தெறிப்பது போன்ற வண்ணத்தோடு வரும் அந்தப் பெரிய அடி கிளம்ப 26 ஃப்ரேம் எடுக்கும். பார்க்க நேரம் இருக்கிறது. பார்த்ததும் நாமும் டிரைவ் இம்பாக்ட் போட்டால் அவன் அடி முறிந்து அவனே சுருண்டு விழுவான். எது கண்ணுக்கு எட்டும், எது எட்டாது என்று பிரித்துத் தெரிந்துகொண்டாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

இந்த மாதிரி அடிகளுக்குச் செலவாகும் சக்திப் பட்டையான டிரைவ் கேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. உயிர்ப் பட்டைக்குக் கீழே ஆறு கட்டம், ரவுண்டு தொடங்கும்போது நிறைந்திருக்கும். டிரைவ் இம்பாக்டுக்கு ஒன்று, ஸ்பெஷலைப் பலமாக்கிப் போடும் ஓவர்டிரைவுக்கு இரண்டு, அடித்துக்கொண்டே பாய்ந்து நெருங்கும் டிரைவ் ரஷ்ஷுக்கு மூன்று. எல்லாம் காலியானால் பர்ன்அவுட். உடம்பு சாம்பல் நிறமாகிவிடும், எதிராளியின் ஸ்பெஷலைப் பிளாக் செய்தாலும் உயிர் குறையும், மூலையில் நிற்கும்போது டிரைவ் இம்பாக்டைப் பிளாக் பிடித்தால்கூட மயக்கம். புதியவர்கள் ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலும் ரவுண்டு முடிவது இங்கேதான். கட்டம் இரண்டுக்கு வந்ததும் செலவை நிறுத்திவிட்டு நடந்து, பிளாக் பிடித்து, காத்திருக்கப் பழகுங்கள்.

இனி டிரெயினிங் மோட். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

தொடங்கிய புதிதில் அண்ணன் மகன் ஒன்று சொன்னான்: "அத்தை, பத்து காம்போ மனப்பாடம் பண்ணாதீங்க. தாவி வர்றவனை அடிச்சுக் கீழ போடுங்க. அது ஒண்ணு வந்தா போதும், பாதிப் பேரு உங்ககிட்ட ஆட முடியாம போயிடுவாங்க." காம்போ என்றால் இடைவெளி விடாமல் கோத்துப் போடும் அடிகள். சரியான பேச்சு. அதைப் பழக இந்த ஆட்டம் தரும் வசதியைப் பாருங்கள். எதிரே நிற்கும் பொம்மையை நாமே ஆட்டிப் பதிவு செய்யலாம். முதல் பதிவில் கென் என்ற ஆள் முன்னால் தாவி உதைக்கிறான். இரண்டாவதில் நின்ற இடத்திலிருந்து ஹதோகென் என்ற சக்திப் பந்தை எறிகிறான். மூன்றாவதில் சும்மா முன்னும் பின்னும் நடக்கிறான். மூன்றையும் மாற்றி மாற்றி ஓட விடு என்று சொல்லிவிட்டால் எது வரும் என்று நமக்கே தெரியாது. தாவினால் ஷோர்யுகென், எறிந்தால் பிளாக், நடந்தால் சும்மா இரு. கடைசிதான் கஷ்டம். விரல் துடிக்கும். அவன் நடக்கும்போது அவசரப்பட்டு ஷோர்யுகென் போட்டால் நாம்தான் மேலே போய்க் காலியாக இறங்குவோம், அவனுக்கு அது விருந்து.

எங்கள் பகுதி கேரம் கிளப்பில் கோச் ஒருவர் இருந்தார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஆட்டம் கொடுக்கவே மாட்டார். ஒரே காயை ஒரே இடத்தில் வைத்து, ஒரே குழிக்கு, நகம் வலிக்கும் வரை. ஆட்டத்தின் சூடு இல்லாத நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துத் தேய்க்கும் அந்தப் பழக்கத்தை இந்த டிரெயினிங் மோட் தானே ஏற்பாடு செய்து தருகிறது.

திரையில் ஃப்ரேம் மீட்டரையும் போட்டுக்கொள்ளுங்கள். நம் அடி கிளம்பும் நேரம், படும் நேரம், கை திரும்பி வரும் நேரம் மூன்றும் தனித்தனி நிறத்தில் கட்டம் கட்டமாக ஓடும். கூடவே எதிராளியின் பட்டை. அவன் பெருக்கி உதைத்ததை நாம் பிளாக் செய்தபின் அவன் பட்டை நம்முடையதைவிட நீளமாக நீண்டுகொண்டிருந்தால், அந்த இடைவெளியில் நம் குத்து நுழையும். "இது நம்ம முறை" என்று பழைய ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். யாரிடமும் கேட்காமல் கண்ணெதிரே பார்க்கலாம்.

ரிப்ளேயிலும் இதே மீட்டரைப் போட முடியும், யார் எப்போது எந்தப் பட்டனை அழுத்தினார்கள் என்பதும் ஓரத்தில் ஓடும். தோற்ற ஆட்டத்தை உடனே திறந்து, கடைசி ரவுண்டை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். எல்லாவற்றையும் குறிக்க வேண்டாம். அதிக உயிரைக் குடித்த ஒரே ஒரு அடி எது என்று கண்டுபிடித்து, அதைப் பொம்மைக்குச் சொல்லிக்கொடுத்து, பதிலைத் தேடுங்கள். சுமோ வீரர் ஹோண்டா திரையின் அந்தக் கோடியிலிருந்து தலையால் முட்டிக்கொண்டு பறந்து வருவது புதியவர்கள் எல்லோரையும் அழ வைக்கும். பதிவு செய்து திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தால், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறான் என்று கண் கணக்குப் போட்டுவிடும். அப்புறம் அடியைத் தட்டிவிடும் பேரி பட்டன் தானாகக் கைக்கு வரும்.

எல்லா ஆளுக்கும் உள்ளேயே கையேடு இருக்கிறது, காம்போ பயிற்சி மூன்று நிலையில் இருக்கிறது. எளிய நிலையில் உள்ளவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். ஆள் தேர்வில் ரியூ அல்லது லூக். நம் ஊர்க்காரர் என்று பாசத்தில் தால்சிமைத் தொடுகிறவர்களைப் பார்க்கிறேன். 1991-ல் வந்த இரண்டாம் பாகத்திலிருந்தே இருக்கிறார், எனக்கும் பிரியம்தான். ஆனால் கையும் காலும் நீட்டித் தூரத்திலேயே எதிராளியை நிறுத்தும் அந்த ஆட்டம் அனுபவசாலிகளுக்கானது. பிறகு வாருங்கள்.

வேர்ல்ட் டூர் என்று கதை ஆடும் பகுதி ஒன்று உண்டு. நமக்கென ஒரு ஆளை உருவாக்கி மெட்ரோ சிட்டியில் சுற்றலாம். பொழுது போகும், குழந்தைகளுக்கு நன்றாக இருக்கும். ஆட்டம் தேறாது. அங்கே லெவல் ஏற ஏற நம் அடி பலமாகிவிடும், தெருவில் மோதுகிறவர்களும் மனிதர்களைப் போல ஆடுவதில்லை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் நேருக்கு நேர் மோதும் பகுதியான ஃபைட்டிங் கிரவுண்டிலேயே இருங்கள்.

ஆன்லைனுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. வைஃபையை நம்பாதீர்கள். மோதுவதற்கு முன் திரையில் எதிராளியின் இணைப்பு எப்படி, கேபிளா வைஃபையா என்று காட்டும், வேண்டாம் என்றால் மறுத்துவிடலாம். அவர்களும் நம்மை அப்படித்தான் பார்ப்பார்கள். ஹாலில் ரௌட்டர், உள் ரூமில் கணினி என்றால் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போங்கள். எத்தனை மீட்டர் என்று சொன்னால் லேன் கேபிளை வெட்டி இரண்டு முனையிலும் கிளிப் அடித்துத் தருவார்கள். ரௌட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், மே மாதத்தில் கரண்ட் கண்ணடிக்கும்போது ரேங்க் ஆட்டம் பாதியில் அறுந்தால் வயிறு எரியும். சிங்கப்பூருக்குப் போகும் கடலடி கேபிள் சென்னையிலிருந்தே கிளம்புகிறது. அந்தப் பக்கத்து ஆட்டக்காரர்களோடு ஆட்டம் எனக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. டிவியில் ஆடுகிறவர்கள் கேம் மோடை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பட்டன் அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் அடி வரும்.

கன்ட்ரோலர் வாங்கும்போது திசை பட்டன்களைக் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். கீழே அழுத்தினால் கீழே மட்டும் போக வேண்டும். பெரிய ஸ்டிக் எல்லாம் இப்போது தேவையில்லை.

பணம் போடும் முன் இலவச டெமோவை இறக்குங்கள். ரியூவும் லூக்கும் அதில் இருக்கிறார்கள். கணினிக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, 60 ஜிபி இடம் வேண்டும். அடிப்படை ஆட்டத்திலேயே 18 பேர் கிடைக்கிறார்கள், அது ஏராளம். அகுமா, டெர்ரி, மாய் போலப் பின்னால் வந்தவர்களுக்குத் தனிக் காசு. கையில் ஒருவர் நன்றாகப் பழகும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். ரேங்க் ஆளுக்கு ஆள் தனித்தனி, அதனால் புது ஆளை எடுத்துப் பார்ப்பதால் பழைய ரேங்குக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது அண்ணன் மகன் ஸாங்கீஃபுக்கு மாறியிருக்கிறான். நெருங்கிப் பிடித்துச் சுற்றித் தரையில் அறையும் ஆள், அந்தப் பிடியைப் பிளாக் செய்ய முடியாது, குதித்துத் தப்பலாம் அல்லது பின்னால் துள்ளலாம். பொம்மைக்கு இரண்டு பதிவு செய்து வைத்திருக்கிறேன்: சின்னக் குத்துக்குப் பின் பிடி, சின்னக் குத்துக்குப் பின் இன்னொரு குத்து. குதிக்கும் நேரம் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் லீவு, எனக்கும் லீவு.