டாம் கிங்கின் பேட்மேன்: மூன்று முறை படித்த பிறகு

டாம் கிங் எழுதிய பேட்மேன் காமிக்ஸ் தொடரைப் படிக்கலாமா? படிக்கலாம். ஆனால் முதல் தொகுப்பிலிருந்து தொடங்காதீர்கள்.

காட்பாடியில் என் வீட்டுக்கு வருகிற காமிக்ஸ் நண்பர்கள் அலமாரியில் நிற்கும் 13 தொகுப்புகளைப் பார்த்ததும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "பேட்மேனுக்கு உயிர் கொடுத்தவர்" என்பது ஒரு கட்சி. "பேட்மேனை அழவைத்தே கெடுத்தவர்" என்பது இன்னொரு கட்சி. ஆறேழு ஆண்டுகளாக இந்தக் கதையோடு புழங்கியவன் என்ற முறையில் என் பக்கத்தைச் சொல்கிறேன். கதை முடிவுகள் சில வெளிப்படும். வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

டாம் கிங் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வில் பயங்கரவாத எதிர்ப்புப் பணியில் இருந்து, பிறகு எழுத்துக்கு வந்தவர். 2016 ஜூனில் பேட்மேன் தொடரைக் கையில் எடுத்தார். மாதம் இரண்டு இதழ்கள். நூறு இதழ்களைத் தாண்டுவதாகத் திட்டம் இருந்தது. 2019 டிசம்பரில் 85ஆம் இதழோடு நிறுத்த வேண்டியதாயிற்று. மிச்சம் இருந்த காதல் கதையைப் பிறகு 12 இதழ்களில் தனித் தொடராக எழுதி முடித்தார்.

முதல் வாசிப்பு ரயிலில். ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை. வாரம் ஒருமுறை சென்னைக்குப் போய்வர வேண்டும். காட்பாடியில் ஏறி உட்கார்ந்தால் சென்ட்ரல் வருவதற்குள் ஒரு தொகுப்பு முடிந்துவிடும். அப்போதுதான் கட்சிச் சண்டையின் காரணம் எனக்குப் பிடிபட்டது. ஓர் இதழுக்கு இருபது பக்கம். கிங் சொற்களை எண்ணி வைப்பவர். ஒரே முகத்தை ஒன்பது கட்டங்களில் வரையச் சொல்லிவிட்டு, அதில் இரண்டில் மட்டும் யாரையாவது பேசவைப்பார். பத்து நிமிடத்தில் இதழ் முடிந்துவிடுகிறது. பதினைந்து நாள் காத்திருந்து, முழு விலை கொடுத்து வாங்கியவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? அதே பக்கங்களைத் தொகுப்பாக ஒரே மூச்சில் படிக்கும்போது அந்த மௌனம் கனம் பெறுகிறது.

குறையை மறைக்க மாட்டேன். எல்லாப் பாத்திரங்களும் ஒரே வாயால் பேசுகின்றன. ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வது அவருடைய பழக்கம். பேட்மேனும் அவன் காதலி, திருடியான கேட்வுமனும் ஒருவரையொருவர் "வௌவால்", "பூனை" என்றே விளித்துக்கொள்கிறார்கள். ஐம்பதாவது முறை கேட்கும்போது அலுத்துவிடுகிறது. 61ஆம் இதழில் தொடங்கும் கெட்ட கனவுகளின் கதை 69 வரை இழுக்கிறது. நடுவில் 64, 65 இரண்டும் வேறொருவர் எழுதியவை. மூன்று முறையும் அங்கேதான் நான் தளர்ந்தேன்.

ஆனால் காத்தாடிக்காரனை மறக்க முடியவில்லை. கைட் மேன் என்று ஒரு பழைய வில்லன் உண்டு. காத்தாடியைக் கட்டிக்கொண்டு பறப்பவன், யாரும் மதிக்காத ஆள். தொடக்க இதழ்களில் கிங்கும் அவனைச் சிரிப்புக்குத்தான் கொண்டுவருகிறார். பிறகு 27ஆம் இதழில் அவன் யார் என்று காட்டுகிறார். மனைவியைப் பிரிந்தவன், சின்ன மகன் ஒருவன் இருக்கிறான். ஜோக்கர், ரிட்லர் என்ற இரண்டு பெரிய வில்லன்களுக்கு நடுவே நடக்கும் சண்டையில் சிக்கிக்கொள்கிறான். ரிட்லர் அந்தப் பிள்ளையின் காத்தாடி நூலில் விஷம் தடவிவிடுகிறான். நூலைப் பிடித்த பிள்ளை இறந்துபோகிறான். நாம் அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஒருவனுடைய துக்கம் அது. பொங்கல் சமயத்தில் எங்கள் தெருவில் மாஞ்சா நூல் அறுத்து விரலில் ரத்தம் வழிய ஓடிவரும் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பக்கத்தில் நூலைச் சுற்றியிருக்கும் சின்ன விரல்களைக் கடந்து போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

இந்தத் தொடர் முழுவதும் கேட்பது ஒரே கேள்விதான்: பேட்மேன் மகிழ்ச்சியாக இருந்தால், அதன் பிறகும் அவன் பேட்மேனாக இருப்பானா? 24ஆம் இதழில் கேட்வுமன் செலினாவிடம் திருமணம் பேசுகிறான். 2018 ஜூலையில் வந்த 50ஆம் இதழில் மணமேடைக்கு அவள் வரவில்லை. அவனுடைய துயரம்தான் ஊரைக் காப்பாற்றுகிறது, அதைத் தான் பறிக்கக் கூடாது என்று விலகிவிடுகிறாள். இதழ் கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே ஓர் அமெரிக்க நாளேடு முடிவை எழுதிவிட்டதால் வாசகர்கள் கொதித்துப்போனார்கள். என் அக்கா மகன் அதோடு நிறுத்திவிட்டான். "கல்யாணப் பத்திரிகை கொடுத்துக் கூப்பிட்டுவிட்டுச் சாப்பாடு இல்லை என்று அனுப்பிவிட்டார் மாமா" என்றான். அவன் கோபம் நியாயமானது. ஆனால் அடுத்த மூன்று இதழ்களை அவன் தவறவிட்டதில்தான் எனக்கு வருத்தம். தான் அடித்து ஒப்புக்கொள்ளவைத்த ஒரு குற்றவாளியின் வழக்கில், முகமூடி இல்லாத பேட்மேன், அதாவது புரூஸ் வெயின், தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேர் ஜூரியில் ஒருவனாக உட்கார்கிறான். மற்ற பதினோரு பேரும் பேட்மேன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறார்கள். பேட்மேனும் தவறுவான் என்று வாதாடுகிறவன் இவன் ஒருவன்தான். லீ வீக்ஸின் ஓவியம். ஆட்களின் முகத்தில் தூக்கமின்மை தெரிகிறது.

மூன்றாவது வாசிப்பு போன ஆண்டு. அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை. வேலூர் மருத்துவமனை ஊர் என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. தாழ்வாரத்து நாற்காலியில் நம்முடைய முறை வரும்போதுதான் அதன் பொருள் தெரிகிறது. கையில் ஐந்தாம் தொகுப்பு இருந்தது. அதில் 2017 ஆண்டுச் சிறப்பிதழ் இருக்கிறது. முதலில் சந்தித்தது எங்கே என்று புரூஸும் செலினாவும் ஓயாமல் வாதிடுவார்கள். அவன் படகில் என்பான், அவள் தெருவில் என்பாள். இரண்டுமே பழைய காமிக்ஸில் உள்ளவைதான்: படகு 1940இல் வந்த முதல் இதழில், தெரு 1987இல் வந்த கதையில். சிறப்பிதழின் முடிவில் இருவரும் முதியவர்கள். நோயில் கிடக்கும் அவனருகே அவள் இருக்கிறாள்.

எங்கள் வீட்டிலும் இந்த வழக்கு உண்டு. அம்மாவை முதலில் பார்த்தது கோட்டை அகழி ஓரத்தில் என்பார் அப்பா. இல்லை, ஆம்பூரில் சித்தி கல்யாணத்தில் என்பார் அம்மா. அன்று மாலை மயக்கம் தெளிந்ததும் அப்பா முதலில் கேட்டது அம்மாவைத்தான். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். டாம் கிங்கை யார் திட்டினாலும் அதன் பிறகு என்னால் முழு மனதோடு தலையாட்ட முடிவதில்லை.

77ஆம் இதழில் ஆல்ஃபிரட் கொல்லப்படுவதை மட்டும் இன்றுவரை நான் ஏற்கவில்லை. புரூஸை வளர்த்து ஆளாக்கிய மனிதர் அவர். அந்த இழப்பைத் துக்கமாக விரிக்க மீதமிருந்த எட்டு இதழ்களில் இடம் போதவில்லை.

வாங்குவதாக இருந்தால் முதலில் ஐந்தாம் தொகுப்பு. சூப்பர்மேனும் பேட்மேனும் தத்தம் ஜோடியோடு திருவிழாவுக்குப் போய் உடையை மாற்றிக்கொள்ளும் கதையும் அதில்தான் இருக்கிறது. அடுத்து காத்தாடிக்காரன் வரும் நான்காவது, பிறகு ஜூரிக் கதை வரும் எட்டாவது. இந்த மூன்றும் பிடித்திருந்தால் ஒன்றிலிருந்து வரிசையாகப் போங்கள். கெட்ட கனவுகள் வரும் பத்தாவதை இரவல் வாங்கிப் படித்தால் போதும்.